ஏழாவது பாட்டு

என் தம்பி போட்ட ஆல்பத்தில் எட்டுப் பாட்டு இருக்கிறது. பாட்டு என்று நான்தான் சொல்கிறேன், அவன் ட்ராக் என்பான். எதிலும் ஒரு வரி கிடையாது, தலையாட்ட ஒரு தாளம் கிடையாது. தகரத்தைத் தரையில் இழுக்கிற சத்தம், அடைத்த குழாயில் தண்ணீர் ஏறுகிற சத்தம், அப்புறம் நெஞ்சில் உட்கார்ந்து அழுத்துகிற ஓர் ஊமை உறுமல். இதை யாருடா வாங்குவான் என்று கேட்டேன். ஜெர்மனியில் ஒருத்தர் கேசட்டாகப் போடுகிறார் என்றான். கேசட்டாம்! எங்கள் வீட்டுக் கேசட்டையெல்லாம் நாடாவை உருவிக் கொல்லையில் குருவி விரட்டக் கட்டி எத்தனையோ காலம் ஆகிறது.

அவன் சென்னையில் டிவி சீரியல்களுக்குச் சத்தம் சேர்க்கிற வேலையில் இருந்தான். மாமியார் திரும்பிப் பார்த்தால் இடி இடிக்கிறதே, அந்த இடியைப் போடுகிற ஆள் இவன்தான். சீரியல் கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது இவனையும் குறைத்துவிட்டது. ஒரு தை மாதம் லேப்டாப், இரண்டு ஸ்பீக்கர், இடுப்பு உயரத்துக்கு ஒரு கறுப்புப் பெட்டி, இவ்வளவையும் லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு மரக்காணத்துக்கு வந்து இறங்கினான். துணிமணி ஒரு பையில்தான் இருந்தது. சாப்பிட்டுக்கொண்டே, இனிமேல் அடுத்தவன் கதைக்கு இடி போடப்போவதில்லை, எனக்கென்று ஓர் ஆல்பம் செய்யப்போகிறேன் என்றான். செய்யேன், யார் வேண்டாம் என்றது என்று சொல்லி இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினேன். அந்தச் சமயத்தில் எனக்கு என் கவலையே பெரிசாக இருந்தது.

என் கவலை என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து நான் கூலிக்கு உப்பு வாரினவள். வீட்டுக்காரர் லாரியில் போகிறவர், மாதத்தில் பாதி நாள் ஊரில் இருக்கமாட்டார். அந்த வருஷம்தான் முதல்முறையாக ஓர் உப்பளத்தை என் பொறுப்பில் உள்குத்தகைக்குப் பிடித்திருந்தேன். அளத்தை வைத்திருந்த முதலாளிக்கு அதில் அரை மனசுதான். பொம்பளைக் கையில் அளம் நிற்காது என்று என் எதிரிலேயே சொன்னார். ஒரே ஒரு சீசன் பார்க்கிறேன், உப்பு ஒழுங்காக வந்தால் அளம் உன்னிடம் இருக்கட்டும், இல்லையென்றால் பழையபடி கூலிக்கு வா என்றார். ஐம்பது வயதில் மறுபடியும் தலையில் கூடை தூக்க என் கழுத்துக்குத் தெம்பில்லை. அதைவிட அந்த ஆளின் வாயை அடைக்கவேண்டும் என்கிற வெறி இருந்தது.

தம்பி மோட்டார் கொட்டகையைப் பிடித்துக்கொண்டான். அது அளத்தின் தெற்கு ஓரத்தில் இருக்கிறது, அங்கேதான் கரண்ட் உண்டு. பழைய ஆயில் இன்ஜினும் அங்கேயே துருப்பிடித்துக் கிடந்தது. அதைத் துடைத்து, டீசல் ஊற்றி, ஓடவிட்டு, அதன் வயிற்றில் குட்டி மைக்கை ஒட்டிவைத்து ரெகார்டு செய்தான். உப்புத் தண்ணீருக்குள் பாலிதீன் சுற்றி மைக்கை இறக்கினான். உப்பு விளையும்போது சத்தம் வரும் என்று சொல்லி எனக்கு ஹெட்போனை மாட்டிவிட்டான். நிஜமாகவே வந்தது. பொட்டு பொட்டென்று, யாரோ விரல் நெட்டி முறிக்கிற மாதிரி, பாத்தி முழுக்க. இத்தனை காலம் அதன்மேல் நடந்திருக்கிறேன், அது பாட்டுக்கு முறிந்துகொண்டே இருந்திருக்கிறது. எனக்கு உடம்பு கூசியது, ஹெட்போனைக் கழற்றிக் கொடுத்துவிட்டேன்.

இன்னொரு நாள் ஒரு சத்தத்தைப் போட்டுக் காட்டினான். இருட்டுக் கிணற்றுக்குள்ளிருந்து ஏதோ மிருகம் மூச்சுவிடுகிற மாதிரி இருந்தது. என்னடா இது என்றேன். நீதான் என்றான். உப்புக் கூடையைத் தலைக்கு ஏற்றும்போது நாங்கள் ஹும் என்று ஒரு மூச்சு விடுவோமே, அதைத் திருட்டுத்தனமாகப் பிடித்து, இழுத்து நீட்டி, அப்படி ஆக்கிவிட்டிருந்தான். வெட்கமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. என் மூச்சை ஜெர்மன்காரன் கேட்கணுமா என்று திட்டினேன். பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான், அவனிடம் கோபத்தை எவ்வளவு நேரம் வைத்திருக்க முடியும்.

ஆல்பத்தில் ஏழாவதாக வருவது இன்ஜின் சத்தம். ஆனால் கேட்டால் இன்ஜின் என்று தெரியாது. அதை அத்தனை மெதுவாக்கியிருந்தான். இன்ஜினின் ஒவ்வொரு அடியும் உருண்டு, அலையாகி, ஒன்றன்மேல் ஒன்று ஏறி வரும். இது காதால் கேட்கிறது இல்லை, உடம்பால் கேட்கிறது என்று அவன் விளக்கினான். லேப்டாப்பில் கேட்டால் ஒன்றுமே இல்லை, அந்தக் கறுப்புப் பெட்டியில் போட்டால்தான் வரும். பெட்டி உறும ஆரம்பித்தால் கொட்டகைத் தகரம் அதிரும், டீ டம்ளர் பலகையில் தானாக நகரும். அதை அவன் ஹெட்போனில் சரிபார்க்க முடியாது. பெட்டியில் ஓடவிட்டு, வெளியே வந்து வரப்பில் நின்று, தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, மறுபடி உள்ளே போய் ஏதோ திருகுவான்.

இங்கே எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். எங்கள் அளங்களில் கடலைப் பார்த்தபடி யாரும் வேலை செய்வதில்லை, கேட்டபடி வேலை செய்வோம். கடல் கிழக்கே இரைந்துகொண்டே இருக்கும், அது காதில் இருப்பதே தெரியாது. அந்த இரைச்சல் தெற்கே நகர்ந்து, கனத்து, தரை வழியாக வந்தால் மழை வரப்போகிறது என்று அர்த்தம். போனில் மழைச் செய்தி வருகிறதுதான். இரண்டு நாளைக்கு ஒருமுறை லேசான மழைக்கு வாய்ப்பு என்று வந்துகொண்டே இருந்தால் எவன் நம்புவான்? காதைத்தான் நம்புவோம். கடல் திரும்பிடுச்சு என்று யாராவது ஒருத்தர் குரல் கொடுத்தால் போதும், வீட்டில் இருக்கிறவர்களும் ஓடி வருவார்கள். யார் அளம் என்று பார்ப்பதில்லை. இருக்கிற உப்பை வாரி, வரப்பில் குவித்து, தார்ப்பாய் மூடிய பிறகுதான் கூலிப் பேச்சே.

பங்குனி மாதம் ஒரு காலை. முதல் விளைச்சல் பாத்தியில் பாதி இறுகியிருந்தது. இன்னும் ஒரு வாரம் நின்றால் கல் உப்பாகத் திரளும். நாங்கள் வரப்புக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தோம். என்னோடு கூலிக்கு வாரின காலத்திலிருந்தே கூட இருக்கிற கூட்டாளி ஒருத்தி அன்றைக்கும் என் பக்கத்தில் இருந்தாள். அவள் மண்வெட்டியை நிறுத்தினாள். நானும் நிறுத்தினேன். உறுமல் உள்ளங்காலில் ஏறியது. பக்கத்து அளத்திலும் நிமிர்ந்துவிட்டார்கள். வானம் வெள்ளையாக, ஒரு துண்டு மேகம் இல்லாமல் கிடந்தது. அதனால் என்ன, வானம் கடைசியில்தானே மாறும்.

"தெக்க திரும்பிடுச்சுடி," என்றாள் அவள்.

நான்தான் வாரச் சொன்னேன். எங்கள் பக்கம் ஆறேழு அளத்தில் எல்லோரும் வாரினார்கள். பத்து மணிக்குள் அத்தனையும் வரப்பில் குவிந்துவிட்டது, பொடியும் சேறுமாக. எல்லாரும் மூச்சு வாங்கிக்கொண்டு வானத்தைப் பார்த்தோம். வெயில் சுள்ளென்று அடித்தது. உறுமல் சட்டென்று நின்றது. கடல் அப்படிச் சட்டென்று நிற்காது. கொட்டகைக் கதவைத் திறந்துகொண்டு தம்பி வெளியே வந்தான், கையில் தண்ணீர் பாட்டில். எங்கள் எல்லாரையும், குவிந்திருந்த உப்பையும் பார்த்துவிட்டு, என்னக்கா, இன்னைக்கே வாரிட்டீங்களா என்று கேட்டான்.

நான் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது. மண்ணை வாரித் தூற்றாததுதான் குறை. அவனுக்கு விஷயம் புரிந்ததும் முகம் செத்துவிட்டது. சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அது நிஜம்தான், இந்த ஊரில் வளராமல், பத்து வயதிலேயே ஹாஸ்டலுக்குப் போனவனுக்குக் கடல் திரும்புவது எங்கே தெரியும். பக்கத்து அளத்துக்காரர்கள் திட்டித் தீர்த்துவிட்டு, கடைசியில் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். கடலையே பொட்டியில அடைச்சுட்டியாப்பா என்று ஒருவர் கேட்டார். இவனுக்கு அது பாராட்டாகப் பட்டிருக்கவேண்டும், மூலையில் நின்று லேசாகச் சிரித்ததைப் பார்த்தேன். பிடரியில் ஒன்று வைத்தேன்.

அந்தப் பொடி உப்பை, எங்களிடம் வாங்குகிற கூனிமேட்டு வியாபாரி தொட்டுப் பார்த்துவிட்டு, கருவாட்டுக்காரர்களுக்கு வேண்டுமானால் ஆகும் என்று பாதி மனசாக எடுத்துக்கொண்டார். முதலாளி காதுக்குச் செய்தி போய்விட்டது. போன் செய்து, அடுத்த விளைச்சலைப் பார்க்கலாம்மா என்று மட்டும் சொன்னார். அந்த அம்மாவில் இருந்த மரியாதை எனக்குப் பிடிக்கவில்லை.

பெட்டியைத் தூக்கிக் கழுவெளி ஏரியில் போடு என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சென்னையிலிருந்து வந்த நாளில் அவன் இருந்த இருப்பு எனக்குத் தெரியும். சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பான், கூப்பிட்டால் மூன்றாவது தடவைதான் திரும்புவான். இந்தக் கண்றாவிச் சத்தத்தைச் செய்ய ஆரம்பித்த பிறகுதான் மனுஷனாக நடமாடினான். அதனால் ஊரோடு ஓர் ஏற்பாடு ஆயிற்று. அவன் செய்துகொள்ளட்டும், தெற்கே உறுமினால் அது அவன் பெட்டி என்று நாம் தெரிந்துகொள்வோம், அவ்வளவுதானே. யாரும் கூடி உட்கார்ந்து முடிவு செய்யவில்லை, தானாக அப்படி ஆகிவிட்டது.

பழகிவிட்டது என்பதுதான் இதில் பெரிய விஷயம். முதல் வாரம் உறுமும்போதெல்லாம் தலை திரும்பியது. அப்புறம் தலை திரும்பவில்லை. அப்புறம் எங்கள் ஆட்கள் அதற்குத் தகுந்த மாதிரி பேச ஆரம்பித்தார்கள். "ஆரம்பிச்சுட்டான்யா," என்பார்கள். இன்றைக்குக் கொஞ்சம் நல்லா வந்திருக்குது, நேற்று சரியில்லை என்று விமர்சனம் வேறு. என் கூட்டாளி, அந்த உறுமலுக்கு உப்பு வாருகிற பலகையை இழுத்தால் கை வலிக்கவில்லை என்று சொன்னாள். கிண்டலுக்குத்தான் சொன்னாள், ஆனால் நானும் அப்படித்தான் இழுத்துக்கொண்டிருந்தேன். தம்பியோ உறுமலை இன்னும் இன்னும் இயற்கையாக்கிக்கொண்டே போனான். நடுவில் விட்டுவிட்டு வரும்படி செய்தான், கொஞ்சம் நகரும்படி செய்தான். ஊருக்கே தெரிந்த ஒன்றை நல்லபடியாகச் செய்து காட்டவேண்டும் என்கிற ஆசை அவனுக்கு வந்துவிட்டது.

சித்திரை முழுக்க வெயில் கொளுத்தியது. உப்புக்கு அதைவிட என்ன வேண்டும். இரண்டாவது விளைச்சல் மாதிரி ஒன்றை நான் அந்த அளத்தில் பார்த்ததில்லை. ஒவ்வொரு கல்லும் பட்டை தீட்டினது போல நின்றது, வெறுங்கண்ணால் பார்த்தால் கண் கூசித் தண்ணீர் வந்தது. கூனிமேட்டு வியாபாரியே நேரில் வந்து பார்த்துவிட்டு, இன்னும் ரெண்டு நாள் விடுங்கம்மா, லாரி அனுப்புறேன் என்றார். முதலாளியும் வந்தார். வரப்பில் நின்று ஒரு கல்லை எடுத்து வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, தலையை ஆட்டினார். அடுத்த வருஷமும் நீயே பாரு என்று அவர் வாயிலிருந்து வரும் என்று காத்திருந்தேன். வாரி முடியட்டும், பேசலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை, சந்தோஷத்தில்.

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு நானும் கூட்டாளியும் மட்டும் அளத்தில் இருந்தோம். அதற்கு அடுத்த நாள் விடியலில் வார ஆட்களுக்குச் சொல்லியாகிவிட்டது. தார்ப்பாய்களை விரித்து ஓட்டை பார்த்துத் தைத்துக்கொண்டிருந்தோம். காற்று நின்றுபோயிருந்தது, அது எப்போதும் இரண்டு மணிக்குச் சற்று நிற்கும். மூன்று மணி வாக்கில் உறுமல் ஆரம்பித்தது.

"இன்னிக்கி லேட்டா ஆரம்பிச்சிருக்குது," என்றாள்.

காலையிலிருந்து அவனை நான் பார்க்கவில்லை. சில நாள் எழுந்திருப்பதே பத்து மணிக்கு மேல்தான். ஊசியைக் கோர்த்துக்கொண்டே கேட்டேன். நன்றாகத்தான் வந்திருந்தது. விட்டு விட்டு வந்தது, நகர்ந்தது, தரை வழியாகத் தொடையில் ஏறியது. கெட்டிக்காரன்தான் என்று நினைத்தேன். ஆமாம், அப்படித்தான் நினைத்தேன், பெருமையாகக்கூட இருந்தது. பக்கத்து அளத்தில் நாலு பேர் வரப்பில் சாய்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு அடுத்ததில் ஒருவர் தலைத்துண்டை முகத்தில் போட்டுப் படுத்திருந்தார். ஒரு தலையும் திரும்பவில்லை. எவ்வளவு தூரம் பார்த்தாலும் வெள்ளை வெள்ளையாக உப்பு, நடுவில் ஆட்கள் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்கள்.

உறுமல் கூடிக்கொண்டே போனது. பலகைகள் கொட்டகைச் சுவரில் சாத்தியிருந்தன, அதில் ஒன்று சரிந்து விழுந்தது. கொஞ்சம் குறைக்கச் சொல்லு, தலை வலிக்குது என்றாள் கூட்டாளி. நான் இருந்த இடத்திலிருந்தே கொட்டகையைப் பார்த்துக் கத்தினேன். பதில் இல்லை. காதில் எப்படி விழும், அந்த இரைச்சலுக்குள் உட்கார்ந்திருக்கிறவனுக்கு. போன் அடித்தேன், எடுக்கவில்லை. வரட்டும், இன்றைக்கு இருக்கிறது அவனுக்கு என்று மறுபடியும் ஊசியை எடுத்தேன்.

அப்போது மண் ரோட்டில் அவன் பைக் வந்தது. மரக்காணம் பக்கத்திலிருந்து, தூசி கிளப்பிக்கொண்டு, மெதுவாக, ஏதோ உடையக்கூடிய பொருளை வைத்து ஓட்டிவருகிற மாதிரி வந்தது. கிட்டே வந்து நிறுத்தினான். பின் சீட்டில் அந்தக் கறுப்புப் பெட்டி, நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தது.

"பொட்டிக்குள்ள ஸ்பீக்கர் கிழிஞ்சுபோச்சுக்கா," என்றான். "பாண்டிக்கு எடுத்துட்டுப் போனேன், கடை பூட்டியிருக்குது."

நான் பெட்டியைப் பார்த்தேன். உறுமல் கேட்டுக்கொண்டிருந்தது. அவனும் அப்போதுதான் தலையைச் சாய்த்தான், வரப்பில் நின்று கேட்பானே, அதே மாதிரி. அவன் முகத்தில் முதலில் வந்தது ஆச்சரியம்தான். அதற்குப் பிறகுதான் பயம் வந்தது. என் கையிலிருந்த ஊசி எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. தெற்கே வானத்தின் அடியில் ஒரு கறுப்புக் கோடு நின்றிருந்தது, அது எப்போது வந்தது என்றும் எங்களில் யாருக்கும் தெரியாது.

கடல் திரும்பிடுச்சு என்று கத்திக்கொண்டே வரப்பில் ஓடினேன். பக்கத்து அளத்துக்காரர்கள் போனிலிருந்து தலையைத் தூக்கிச் சிரித்தார்கள். "உன் தம்பி பாட்டு போட்டிருக்கான்மா, போய் உக்காரு," என்றார் ஒருவர். இல்லைங்க, இது கடலு, நிஜக் கடலு என்று நான் கத்தக் கத்த அவர்களுக்குச் சிரிப்பு கூடியது. தம்பி பைக்கைத் திருப்பி, பெட்டியைக் கையால் அடித்து அடித்துக் காட்டினான். தலைத்துண்டைப் போட்டுப் படுத்திருந்தவர் எழுந்து பெட்டியைப் பார்த்தார், தெற்கே பார்த்தார், அதன் பிறகுதான் அவருக்கு ஓட்டம் வந்தது. மற்ற நாளாக இருந்தால் மூன்று மணிக்கே ஊர் முழுக்க வந்திருக்கும். அன்றைக்குக் குரல் போய் ஊர் சேர்ந்தபோது நாலே கால் ஆகிவிட்டது. அதற்குள் முதல் சொட்டு என் முதுகில் விழுந்தது.

ஊர் வந்து சேர்வதற்குள் நாங்கள் இரண்டு பாத்தியை வாரினோம். கூட்டாளி, நான், பலகை பிடிக்கத் தெரியாத தம்பி. அவன் உள்ளங்கை கிழிந்து உப்பில் ரத்தம் பட்டது, அவன் நிறுத்தவில்லை. மூன்றாவது பாத்தியில் பலகையை வைத்தபோது மழை கொட்ட ஆரம்பித்தது. பட்டை தீட்டின கல் எல்லாம் கண்ணெதிரே மழுங்கி, வழுக்கி, கஞ்சியாகிப் போனது. விளையும்போது அப்படிப் பொட்டு பொட்டென்று முறிந்த உப்பு, போகும்போது ஒரு சத்தமும் போடவில்லை. நான் வரப்பில் உட்கார்ந்து அழுதேன். மழையில் அழுதால் யாருக்குத் தெரியும் என்பார்கள், எல்லாருக்கும் தெரிந்தது.

மூன்று நாள் பெய்தது. முதலாளி குடை பிடித்துக்கொண்டு வந்து, தண்ணீர் நின்ற பாத்திகளைப் பார்த்தார். என்னைத் திட்டவில்லை. கடல் திரும்பினது உனக்குக் கேக்கலையாம்மா என்று மட்டும் கேட்டார். கேட்டுச்சுங்க என்று சொன்னேன். வேறு ஆளுக்கு அளம் போனது.

தம்பி ஒரு வாரம் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆல்பத்தை அனுப்பவேண்டிய நாள் வந்தது. அன்றைக்கு அடுப்படி வாசலில் வந்து நின்றுகொண்டு, அந்த ஏழாவதை எடுத்துவிடுகிறேன் என்றான். நான் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். அவன்மேல் எனக்குக் கோபம் இருந்தது, இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் கிழிந்த உள்ளங்கையில் கட்டுப் போட்டுக்கொண்டு நிற்கிறவனை என்ன செய்வது.

"எடுத்துட்டா எங்க காது திரும்பி வந்துடுமாடா?" என்றேன். "இருக்கட்டும், அனுப்பு."

அனுப்பினான். ஜெர்மன்காரருக்கு எல்லாவற்றையும்விட ஏழாவதுதான் பிடித்ததாம், இவ்வளவு பயங்கரமான சத்தத்தை எப்படி உண்டாக்கினீர்கள் என்று எழுதியிருந்தாராம். தம்பி மறுபடியும் சென்னைக்கு வேலைக்குப் போய்விட்டான், பெட்டியையும் எடுத்துக்கொண்டான். நான் அதே அளத்தில் கூலிக்கு வாருகிறேன். கழுத்து வலிக்கத்தான் செய்கிறது.

போன வாரம் ஒரு மத்தியானம் தரை லேசாக அதிர்ந்த மாதிரி இருந்தது. எல்லோரும் பலகையை நிறுத்தினோம். யாரும் குரல் கொடுக்கவில்லை. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம், கடைசியில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். புதுக் குத்தகைக்காரர் சின்ன வயசுக்காரர், அவரும் வரப்பிலிருந்து இறங்கி என்னிடம்தான் வந்தார்.

"ஏங்க்கா, இது கடலுங்களா?" என்று கேட்டார். "உங்களுக்குத்தான் தெரியும். வாரிடலாமா, வேணாமா?"

கண்ணை மூடிக் கேட்டேன். கிழக்கே இரைந்தது, தெற்கேயும் ஏதோ இருந்தது, அது வெளியே இருந்ததா என் காதுக்குள் இருந்ததா என்று சொல்ல முடியவில்லை. பாத்தி நிறைய உப்பு விளைந்து கிடந்தது. அத்தனை பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"தெரியலீங்க," என்றேன்.